சுருள்வில் பிடியா, அரிசி வாளியா: கையின் வலுவுக்கும் விரலின் லாவகத்துக்கும் எது உதவுகிறது?

மட்டக்களப்பு நகரின் விளையாட்டுப் பொருட் கடைகளில், கரப்பந்துகளுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் பக்கத்தில், இரண்டு கைப்பிடிகளை ஒரு சுருள்வில் இணைத்திருக்கும் சிறிய கருவி தொங்குவதைப் பலரும் கண்டிருப்பார்கள். கைக்குப் பலம் வேண்டும் என்று கேட்பவருக்குக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு கிழமை பிளாஸ்டருக்குள் இருந்த என் கை வெளியே வந்ததும், இயன்மருத்துவரின் அனுமதியோடு நானும் அதையே வாங்கினேன். அதற்கு முன்பு நான் ஓரளவு மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தவன். இரண்டு மாதம் வில்லை அழுத்திய பின்னர் கிணற்று வாளியை முன்போலத் தூக்க முடிந்தது. ஆனால் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் ‘நம்’ என்ற சொல் மட்டும் விழவேயில்லை, நாதம் எழ வேண்டிய இடத்தில் மரக்கதவைத் தட்டியது போன்ற ஓசைதான் வந்தது. வலு திரும்பிய கையில் லாவகம் ஏன் திரும்பவில்லை என்று பார்க்கப் போய்த்தான், கைப்பயிற்சிக்கென்று சொல்லப்படும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தது.

ஒப்பிடுவதற்கு முன்னர் கையின் அமைப்பைச் சிறிது சொல்லியாக வேண்டும். விரல்களை மடக்கி நிமிர்த்தும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. வலக்கை விரல்களால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இடக்கையால் முன்கையைப் பற்றிப் பார்த்தால், தோலுக்கு அடியில் தசைகள் புரளுவது தெரியும்; உட்புறத் தசைகள் மடக்குகின்றன, வெளிப்புறத் தசைகள் நிமிர்த்துகின்றன, இரண்டுமே நீண்ட தசைநாண்களின் வழியாகப் பொம்மலாட்டக்காரன் நூலை இழுப்பதுபோல விரல்களை இழுக்கின்றன. விரல்களை விரிப்பதற்கும் சேர்ப்பதற்கும், பெருவிரலை மற்ற விரல்களின் நுனியோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் உள்ளங்கைக்குள் தனியான சிறு தசைகள் இருக்கின்றன. பிரித்தானிய உடற்கூற்றியலாளரான ஜோன் நேப்பியர் 1956 இல் மனிதக் கையின் பிடியை வலுப்பிடி, நுண்பிடி என இரண்டாக வகுத்தார். மண்வெட்டியையும் தோணித் துடுப்பையும் பற்றுவது முதலாவது. ஊசியில் நூல் கோப்பது இரண்டாவது. எந்தக் கருவி எந்தப் பிடியைப் பழக்குகிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சுருள்வில் பிடி முழுக்க முழுக்க வலுப்பிடிக்கானது. அதன் சிறப்பை மறைக்க வேண்டியதில்லை: எவ்வளவு பாரம் என்பது தெரிகிறது, இன்று பத்துத் தடவை மூட முடிந்தது என்றால் அடுத்த கிழமை பன்னிரண்டு என்று எண்ணிக் கூட்டலாம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் செய்யலாம். தசை வளர வேண்டுமென்றால் பாரம் படிப்படியாகக் கூட வேண்டும் என்ற விதிக்கு இங்கே ஒப்பிடப்படுபவற்றுள் மிகவும் ஒத்துவருவது இதுதான். பிடிவலு வெறும் பயில்வான் பெருமையும் அன்று. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015 இல் வெளியான ஆய்வொன்றில், பிடிவலு குறைந்தவர்களிடையே இறப்பு வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. வில்லை அழுத்தினால் ஆயுள் கூடும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடம்பு முழுவதன் நிலையைக் கைப்பிடி காட்டிக்கொடுக்கிறது என்பதே பொருள்.

குறைகளோ அமைப்பிலேயே இருக்கின்றன. நான்கு விரல்களும் ஒரே கட்டாக மூடுகின்றன, பெருவிரல் ஏறக்குறைய சும்மா இருக்கிறது, கை திறக்கும்போது வேலை செய்வது வில்லே அன்றி நம் தசையன்று. உள்ளங்கையை மேசையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள், ஏலாது. நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் அந்த விரலுக்குத் தனியுரிமை குறைவு. மிருதங்கத்தின் ‘நம்’ கேட்பதோ அந்தத் தனியுரிமையைத்தான்: மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டு நிற்க, சுட்டுவிரல் மட்டும் ஓரத்தில் விழுந்து உடனே விலக வேண்டும். இரண்டு மாதமாக நான் விரல்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மூடத்தான் பழக்கியிருந்தேன், அதிலும் விலகுதலை ஒரு தடவைகூடப் பழக்கவில்லை. போதாக்குறைக்கு, இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு வளையாமல் நிறுத்தி வைக்க முன்கையின் வெளிப்புறத் தசைகள் உழைக்கின்றன. அளவு மிஞ்சினால் முழங்கையின் வெளிப்பக்கத்தில் நோவு தொடங்குகிறது. எனக்கும் தொடங்கியது.

உள்ளங்கையில் வைத்து அழுத்தும் மென்பந்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிளாஸ்டர் கழற்றிய முதல் இரண்டு கிழமைக்கு நல்லது. அதன் பிறகு தொலைக்காட்சி பார்க்கும்போது கையில் வைத்திருக்கலாம்.

அரிசி வாளி இதற்கு நேர்மாறானது. ஆழமான வாளியொன்றில் அரிசியை நிரப்பி, மணிக்கட்டு மறையும்வரை கையைச் செலுத்தி, உள்ளேயே விரல்களை விரிப்பதும் மூடுவதும், மணிக்கட்டை இரு பக்கமும் திருகுவதும்தான் பயிற்சி. பந்தெறியும் விளையாட்டு வீரர்களும் தற்காப்புக் கலை பயில்வோரும் வெகுகாலமாகச் செய்துவருவது இது. தானியம் எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்பதால் மூடுவதற்கு எவ்வளவு எதிர்ப்போ விரிப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது. பெருவிரலும் தப்ப முடியாது. வேகமாகச் செய்தால் பாரம் கூடும், மெதுவாகச் செய்தால் குறையும், நோகும் இடத்தில் கை தானாகவே தளர்ந்துவிடும். வில்லில் இல்லாத இந்த இணக்கம்தான் முறிந்து ஆறிய கைக்கு இதை ஏற்றதாக்குகிறது. அளந்து சொல்ல ஏலாது என்பது இதன் பெருங்குறை: எத்தனை கிலோ என்று கேட்டால் பதில் இல்லை, நேரத்தைத்தான் எண்ணலாம். நான் ஒரு நிமிடத்தில் தொடங்கி மூன்று நிமிடம்வரை கொண்டுபோனேன்.

அம்பாறையும் மட்டக்களப்பும் நெல் விளையும் மாவட்டங்கள் என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை; ஆனால் நெல்லையே பாவிக்கப் பார்த்தவர்கள் சுணையால் அரைநாள் சொறிந்துகொண்டு திரிவார்கள், மணலோ தோலை உராய்ந்துவிடும். அரிசிதான் சரி. அதற்கும் வீட்டில் தடை இருந்தது. “சோத்து அரிசிய வாளியில போட்டு உழக்குறியே மனே, அது ஆகுமா?” என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. வண்டு பிடித்து ஒதுக்கி வைத்திருந்த ஐந்து கிலோவைக் காய வைத்துப் புடைத்து எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் கோழிக்குப் போடலாம் என்ற உடன்படிக்கையில் அவர் சமாதானமானார்.

இவை எல்லாவற்றிலும் விலை குறைந்தது இறப்பர் வளையம். கீரைக்கட்டோடு வரும் வளையத்தை ஐந்து விரல் நுனிகளையும் சுற்றிப் போட்டுக்கொண்டு விரிப்பதுதான் முழுப் பயிற்சியும். எழுதுவதும் துடுப்பு வலிப்பதும் பால் பிழிவதும் கைத்தொலைபேசியைப் பிடிப்பதும் ஆகிய நம் நாளாந்தக் காரியங்கள் எல்லாம் மூடும் வேலைகளாகவே இருப்பதால், திறக்கும் தசைக்கென்று தனியாக எதுவும் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை இது நேராக நிரப்புகிறது. முதல் நாளில் பதினைந்து தடவை விரித்ததும் முன்கையின் புறப்பக்கம் சூடேறியது எனக்கு வியப்பாக இருந்தது, ஏனெனில் அதே கையால் நான் கெட்டியான வில்லை மூடிக்கொண்டிருந்தேன். பாரம் போதாவிட்டால் இரண்டாவது வளையத்தைச் சேர்க்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய வளையம் அறுந்தால் கண்ணை நோக்கிப் பறக்கும்.

மாவுருண்டையை நான் கடைசியாகத்தான் எண்ணிப் பார்த்தேன். அதுவும் அம்மாவின் கைகளைப் பார்த்த பிறகு. வைத்தியசாலைகளில் கடினத்துக்கேற்ப நிறம் பிரித்த, களிமண் போன்ற சிகிச்சைக் களியைப் பிசையக் கொடுப்பார்கள். ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மா ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது: நீர் குறைந்தால் கடினம், கூடினால் மென்மை. அதை உருட்டலாம், பெருவிரலுக்கும் ஒவ்வொரு விரலுக்கும் நடுவே தனித்தனியாகக் கிள்ளலாம், வளையமாக்கி விரல்களில் மாட்டி விரிக்கலாம். நுண்பிடியின் வலுவுக்கு இங்கே சொன்னவற்றுள் இதுவே முதலிடம் பெறும். காலையில் விரல் விறைத்து இடியப்ப உரலை அழுத்த முடியாதிருந்த அம்மா, இளஞ்சூட்டு நீரில் கையை வைத்தெடுத்த பின் மாவைக் கிள்ளத் தொடங்கினார். வில்லை அவரிடம் கொடுத்திருந்தால் ஒரே நாளில் வீசியிருப்பார். முடக்குவாதம் உள்ள 490 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ‘சாரா’ ஆய்வில், ஏழு அசைவுப் பயிற்சிகளும் நான்கு வலுப்பயிற்சிகளும் சேர்ந்த ஒழுங்கைப் பின்பற்றியவர்களின் கைப்பயன்பாடு ஓராண்டின் பின்னரும் மேம்பட்டிருந்தது. நொந்த மூட்டை அசையாமல் வைத்திருப்பதே நல்லது என்று நம்பும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம், மூட்டு சிவந்து வீங்கியிருக்கும் நாட்களை மட்டும் விலக்கி.

இவ்வளவு செய்தும் ‘நம்’ வந்ததா என்றால், அரிசியாலும் வளையத்தாலும் பாதிதான் வந்தது. லாவகம் தசையின் அளவில் இல்லை. எந்த விரல் எப்போது அசைய வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்வதில் இருக்கிறது. அந்தக் கல்வி செய்யும் காரியத்தோடு ஒட்டியே வரும். ஆகவே மிருதங்கத்துக்கு மருந்து மிருதங்கமேதான்: ‘த தி தொம் நம்’ என்ற முதற்பாடத்தை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்வரை முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், வாசித்து, அதன் பிறகே இரண்டாம் காலத்துக்குப் போவது. விரலுக்கு இயந்திரம் கட்டிக் குறுக்குவழி தேடியதற்கு இசையுலகில் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஜெர்மனிய இசையமைப்பாளரான ரொபர்ட் ஷூமான் 1830களின் தொடக்கத்தில் விரற்பயிற்சிக் கருவியொன்றைப் பாவித்தார். அவருடைய வலது கை பாதிக்கப்பட்டுப் பியானோ மேடையைக் கைவிட வேண்டி வந்தது. கருவிதான் காரணமா, வேறு நோயா என்பது இன்றும் வாதத்துக்குரியது.

வாத்தியம் இல்லாதவர்களுக்குப் பன் புல்லால் பாய் பின்னுவது, கிழிந்த வலையைப் பொத்துவது, கொக்கான் வெட்டுவது என்று இங்கேயே போட்டிக்கு மூன்று இருக்கின்றன. பாய் பின்னுவதில் விரல்கள் மாறி மாறிக் கிள்ளவும் தள்ளவும் பழகுகின்றன, ஆனால் குனிந்த கழுத்தோடு மணிக்கணக்கில் ஒரே அசைவு; வலை பொத்துவதற்கும் அதே குறை உண்டு. என் தெரிவு கொக்கான். ஒரு கல் மேலே போய்த் திரும்புவதற்குள் நிலத்திலுள்ளவற்றைப் பொறுக்கி, பொறுக்கியவற்றை உள்ளங்கைக்குள் ஒதுக்கி, விழும் கல்லையும் ஏந்த வேண்டும் என்பதால், கண்ணும் நுண்பிடியும் கைக்குள்ளே பொருளை நகர்த்தும் திறனும் ஒரே மூச்சில் சோதிக்கப்படுகின்றன. ஐந்து கல் தவிர வேறு செலவு இல்லை. நாற்பது வயது ஆண் முற்றத்தில் குந்தியிருந்து கொக்கான் வெட்டினால் அயலட்டையில் சிரிப்பார்கள் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அளவைப் பொறுத்தவரை இரண்டு வகைக்கும் ஒரே விதி இல்லை. வலுப்பயிற்சி கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போதும். தசையை விடத் தசைநாண் மெதுவாகவே உரம் பெறுவதால் நாள்தோறும் இறுக்குவது கெடுதியே. லாவகப் பயிற்சியோ நாளுக்குப் பத்து நிமிடம், களைப்பு வருமுன் நிறுத்துவதாக இருக்க வேண்டும். பெருவிரலிலிருந்து மோதிர விரலின் பாதிவரை இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கக் கூடும். அப்போது எந்தக் கருவியும் வேண்டாம், வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

என் சுருள்வில் இப்போது அக்காவின் மகனிடம் இருக்கிறது. அவன் கழகத்தில் கயிறு இழுத்தல் அணியில் நிற்பவன். முழுப் பலத்தோடு மூடிய கையை மூடியபடியே வைத்திருப்பதுதான் அங்கே அவனுடைய வேலை. இறப்பர் வளையம் ஒன்றையும் சேர்த்துத்தான் கொடுத்தேன், அதை அவன் இன்னும் தொடவில்லை.