செயல்வழிக் கற்றல் அட்டைகள்: எட்டு வருடம் கையாண்ட பிறகு

செங்கம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில், 2008 முதல் எட்டு வருடம் இந்த அட்டைகளோடுதான் என் பொழுது போனது. இன்றும் பல பள்ளிகளில் பீரோவுக்குள் இவை கிடக்கின்றன. தூக்கிப் போடலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளை அட்டைகளை வைத்துத் தன் வேகத்தில் தானே செய்து படிக்கும் இந்தச் செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் பிறந்த முறை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. சுவரில் ஏணிப்படி, அதாவது பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய அட்டவணை; அலமாரியில் தட்டுத் தட்டாக அட்டைகள். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய சின்னமுள்ள அட்டையை எடுத்து, அந்தக் குழுவின் பாயில் போய் உட்காரும். மொத்தம் ஆறு குழு. ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு. நாலு வகுப்பும் கலந்துதான் உட்காரும்.

என் கணக்கில் இந்த மொத்தத் தொகுப்பின் உயிர் மூன்றாவது, நான்காவது குழுக்களில்தான் இருக்கிறது.

ஒரு பையன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்றே எழுதிக்கொண்டிருந்தான். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவான். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று மூன்று நாள் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன், ஏறவில்லை. நான்காம் நாள் மூன்றாவது குழுவில் அவன் எதிரே ஒரு சிறுமி. அவளும் அதே மூன்றாம் வகுப்புதான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டு ஐந்து, உதிரி இரண்டு எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "எனக்கு ஏழு குச்சி குடு" என்றாள். "ரெண்டுதானே இருக்கு?" என்றான். "கட்டு இருக்குல்ல, பிரி." அவன் ரப்பர் பேண்டை உருவினான். குச்சிகள் பாயில் சிதறின. பொறுக்கி எண்ணினான், பன்னிரண்டு. ஏழைக் கொடுத்தான். "இன்னும் ரெண்டு கட்டு குடு." கொடுத்தான். கையில் மிஞ்சியதைப் பார்த்து 25 என்று அவனே சொன்னான். கட்டை அவிழ்ப்பதுதான் கடன் வாங்குவது என்பது என் வாயிலிருந்து மூன்று நாளும் வரவே இல்லை. அந்தப் படியை அவள் இரண்டு வாரத்துக்கு முன்புதான் தாண்டியிருந்தாள். எங்கே தடுக்கும் என்று அவளுக்கு நினைவிருந்தது.

சரி, குறைகள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு விடையை எழுதிக் கொடுத்துவிடும். இதை நான் முதல் வருடம் கவனிக்கத் தவறினேன். மதிப்பீட்டு அட்டையில்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் ஒரே விதி: பென்சில் கற்றுக்கொள்கிற பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் வாயாலும் குச்சியாலும் மட்டும் சொல்லலாம்.

அட்டைகள் ஒரே வருடத்தில் முனை மடங்கிக் கிழியும். ஒன்று தொலைந்தால் பிள்ளை அந்தப் படியிலேயே நிற்கும். நானே காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டியவை நாற்பதுக்கு மேல் இருக்கும்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. அந்தச் சிறுமியின் அம்மா ஒருநாள் வந்து, "என் பொண்ணு படிக்க வருதா, பாடம் நடத்த வருதா டீச்சர்?" என்று கேட்டார். ஏணிப்படியைப் பார்த்தேன். நியாயமான கேள்விதான், தமிழில் அவள் பின்தங்கியிருந்தாள். அப்புறம் ஒரே பிள்ளையை ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் உதவிக்கு உட்கார வைத்ததில்லை. கழித்தலில் திணறிய அந்தப் பையனையே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். 'ண'வுக்கு எத்தனை சுழி என்று அவர்கள் கேட்கப்போகிறார்கள் என்பதற்காக, முந்தின நாள் மாலையே என்னிடம் வந்து உறுதிப்படுத்திக்கொண்டு போவான்.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோம். பயிற்சி நூல்கள் நன்றாக இருக்கின்றன, ஆசிரியருக்கு வேலையும் தெளிவு. ஆனால் அரும்பும் மலரும் ஒரே பாயில் உட்காரும் நேரத்தை நாமாக ஒதுக்கினால்தான் உண்டு. நான் மதியம் அரை மணி ஒதுக்குகிறேன். அதற்கு அந்தப் பழைய கணக்கு அட்டைகளையும் ஈர்க்குச்சிக் கட்டுகளையும்தான் எடுக்கிறேன். கிழியாதவை இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.