ஓராண்டாகக் கண்டறியப்படாத உலர் கண் நோய்: எங்கள் ஷிட்சுவின் சிகிச்சை அனுபவம்

நாயின் கண்ணில் கெட்டியான பீளை திரும்பத் திரும்பச் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணீரில் நீர்ப்பகுதி குறைந்துபோனாலும், எஞ்சும் சளி திரண்டு இதே போன்ற பீளையாகத்தான் வெளிவரும். உலர் கண் எனப்படும் இந்த நோய், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஷிட்சு, பக், காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களில் இது அதிகம் காணப்படுகிறது. எங்கள் ஷிட்சுவுக்கு இருந்ததும் இதுதான். ஆனால் ஓராண்டுக்கு மேல் ஒரே மருத்துவமனையில் காட்டிவந்தும் அங்கே இந்நோயின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான். பணியில் இருக்கும் மருத்துவர் டார்ச் வெளிச்சத்தில் கண்ணைப் பார்ப்பார், தொற்று அல்லது ஒவ்வாமை என்பார், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தை எழுதித் தருவார். மருந்து விடும் நாட்களில் பீளை குறையும், சிவப்பும் தணியும். நிறுத்திய சில நாட்களில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். அடுத்த முறை வேறொரு மருத்துவர் இருப்பார். அதே மருந்தை வேறொரு நிறுவனத்தின் பெயரில் எழுதுவார். ஊழியர்கள் அன்பானவர்கள், காத்திருக்கும் நேரமும் குறைவு என்பதை மறுக்க மாட்டேன். அதனாலேயே நாங்கள் மருத்துவமனையை மாற்றாமல் இருந்தோம். இதற்கிடையில் கருவிழியின் பளபளப்பு மங்கி, தூசி படிந்த கண்ணாடிபோல் ஆனது. அதைச் சுட்டிக்காட்டியபோது, இந்த இனத்துக்கு இது சகஜம் என்று சொல்லிவிட்டார்கள்.

வலது கண்ணைத் திறக்காமல் அவள் மூலையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த நாளிலும் அதே சொட்டு மருந்தைத் தொடரும்படிதான் சொன்னார்கள். என் புகாரில் மிகக் கடுமையான பகுதி இதுதான். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது கருவிழியில் புண் இருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். ஃப்ளோரசின் என்னும் சாயத்தை இட்டு நீல ஒளியில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். புண் இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறுவது தடைபடும், கருவிழித் திசு கரைந்து ஓட்டை விழும் அபாயமும் உண்டு. எனவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதும் முன் சாயம் இட்டுப் பார்ப்பது அடிப்படை விதி. அன்று அது செய்யப்படவில்லை.

மறுநாள் கால்நடைக் கண் சிறப்பு மருத்துவரிடம் போனோம். அவர் எந்தச் சொட்டு மருந்தும் விடுவதற்கு முன், முனை மடித்த ஒரு மெல்லிய காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் செருகி, சரியாக 60 விநாடிகள் கழித்து எடுத்தார். ஷிர்மர் சோதனை எனப்படும் இதில், ஒரு நிமிடத்தில் ஈரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். 10-க்குக் கீழே போனால் உலர் கண் என்று சந்தேகிக்க வேண்டும். எங்கள் நாய்க்கு வலது கண்ணில் 3, இடது கண்ணில் 6. பின்னர் சாயம் இட்டபோது வலது கருவிழியின் நடுவில் மிளகளவு பச்சைத் திட்டு தெரிந்தது. ஸ்டீராய்டு அன்றே நிறுத்தப்பட்டது. புண் ஆறும்வரை தனி மருந்துகளும், கண்ணைத் தேய்க்காமல் தடுக்கக் கழுத்தில் கூம்பு வடிவக் காப்புப் பட்டையும்.

அதன்பின் தொடங்கிய சைக்ளோஸ்போரின் 0.2 சதவீதக் களிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இது சுரப்பியின் மீதான தாக்குதலைத் தணித்துக் கண்ணீரை மீண்டும் ஊறச் செய்யும் மருந்து. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், சில நாய்களுக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். நாளுக்கு இருமுறை, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் போட வேண்டும். முதலில் உப்புநீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைத்து, செயற்கைக் கண்ணீர் விட்டு, ஐந்து பத்து நிமிடங்கள் கழித்துக் களிம்பைக் கீழிமைக்குள் இடுகிறோம். வரிசையை மாற்றினால் களிம்பின் எண்ணெய்ப் படலம் சொட்டு மருந்தை உள்ளே விடாது. எங்களைப் பொறுத்தவரை பலன் மறுக்க முடியாதது: கடைசிச் சோதனையில் இடது கண் 16, வலது கண் 11. பீளை அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் வலது கருவிழியில் படர்ந்த பழுப்பு நிறம் அப்படியே இருக்கிறது, அந்தப் பக்கமாக வீசும் பந்தை அவள் தவறவிடுகிறாள்.

பழைய மருத்துவமனையிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். தொற்றும் இருந்தது, ஆகவே தந்த மருந்து தவறில்லை என்று பதில் வந்தது. வறண்ட கண்ணில் கிருமிகள் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் தொற்று ஏன் ஓயாமல் திரும்புகிறது என்று யாரும் கேட்காததற்கு அது பதிலாகாது. கேட்டு வாங்கிய சிகிச்சைப் பதிவேட்டின் நகலைப் பார்த்தேன். அவர்களுடைய அச்சிட்ட படிவத்திலேயே கண்ணீர் அளவுக்கென ஒரு கட்டம் இருக்கிறது; எல்லாப் பக்கங்களிலும் அது காலியாக விடப்பட்டிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குக் கட்டணம் வேண்டாம் என்றார்கள், மறுத்துவிட்டேன். நான் கேட்டது இரண்டுதான்: கண்ணீர் அளவு ஏன் ஒருமுறைகூடப் பார்க்கப்படவில்லை, கண்ணைத் திறக்க முடியாத நிலையில் சாயம் இடாமல் ஸ்டீராய்டு ஏன் தொடரப்பட்டது. இவற்றுக்கு இதுவரை பதில் வராததால், பதிவேட்டின் நகலையும் சிறப்பு மருத்துவரின் அறிக்கையையும் இணைத்து, கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.