ஒரு சென்ட்டா, காலணாவா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட நிலத்தில், உலோகங்காட்டும் கருவிக்குப் பச்சைக் களிம்பேறிய வட்டச் செம்புக் காசு அகப்பட்டால், முதலில் இரண்டை நினைக்கலாம்: நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) ஒரு சென்ட், பிரிட்டிஷ் இந்தியாவின் காலணா. இரண்டிலும் பெரும்பாலும் விக்டோரியா தலை, எழுத்தோ தேய்ந்திருக்கும். சென்ட் சுமார் 9.3 கிராம், 29 மில்லிமீட்டர், காலணா 6.5 கிராம், 25 மில்லிமீட்டர். மண் அரித்தால் எடை குறையும் என்பதால் நான் விட்டத்தையே நம்புவேன். காலணா என்றால் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி: யாரோ மடியில் முடிந்து கப்பலேறிய காசாக இருக்கலாமே! சதுரமாக இருந்தால் குழப்பமில்லை. 1919 முதல் சென்ட் சதுரமாகிவிட்டது. எதுவானாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மிஞ்சிய எழுத்தும் போய்விடும்.