கீலாய்டை "ஒரே நாளில்" எடுக்கிறோம் என்பவர்களிடம் காதைக் கொடுக்காதீர்கள்

மலேசியாவில், பினாங்கில் கீலாய்டு (காயம் ஆறின இடத்தில் அளவுக்கு மீறி வளரும் தழும்பு) நீக்குவதாக விளம்பரம் போடும் அழகு நிலையத்துக்குப் போகலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இடத்தின் பெயரை இங்கே போடப்போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை, பெயர் வெளியே வந்தால் லாயர் லெட்டர் வரும் என்று மிரட்டலும் வந்துவிட்டது. பெயர் தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது, அவர்கள் பேசுகிற பேச்சைச் சொன்னாலே எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

என் இடது காதில் இரண்டாவது ஓட்டை போட்டது ஒரு பேரங்காடிக் கடையில், துப்பாக்கி மாதிரியான அந்தக் கருவியால். ஓட்டை ஆறின பிறகு முன்னும் பின்னும் சதை தடிக்க ஆரம்பித்து, சுண்டைக்காய் அளவுக்கு வந்து நின்றது. வலி பெரிதாக இல்லை, அரிப்புதான். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அம்மாவுக்கு நெஞ்சில் அம்மைத் தழும்பு இப்படித்தான் வளர்ந்து கிடக்கிறது, பெரியம்மாவுக்குப் பிரசவத்தில் கிழித்த இடம். எங்கள் குடும்பத்தில் இது புதிதில்லை. தம்பி கல்யாணம் வருகிறது, காதை இப்படி வைத்துக்கொண்டு நகை போட முடியாது என்று அம்மா நச்சரித்ததால்தான் தேட ஆரம்பித்தேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவரிசையின் மாடி. வாசலில் எஸ்தெடிக் என்று பெரிய பலகை, உள்ளே ஏர்கோன், ரோஸ் நிற நாற்காலிகள். வெள்ளை கோட் போட்ட ஒரு தமிழ்ப் பெண் வந்து உட்கார்ந்தாள். "சிஸ், இதெல்லாம் சின்ன விஷயம். லேசர்ல எடுத்தா வேரோட போயிடும், திரும்ப வரவே வராது. எங்க டாக்டர் நிறைய பேருக்குப் பண்ணியிருக்கார்" என்றாள். விலை 2,400 வெள்ளி (ரிங்கிட்), அன்றைக்கே கட்டினால் 1,800, கூடவே ஒரு கிரீம் இலவசம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா, இதற்கு முன்னால் ஊசி ஏதும் போட்டீர்களா, கர்ப்பமா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கேள்வி கிடையாது. ரிசிட்டில் "முகப் பராமரிப்புப் பேக்கேஜ்" என்று அச்சடித்திருந்தார்கள். கேட்டதற்கு, சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் என்றாள். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதன் கதை பிறகு வருகிறது.

"டாக்டர்" முகக்கவசத்தோடு வந்தார், முகக்கவசத்தோடு போனார். பெயர் சொல்லவில்லை. மரத்துப்போக ஊசி, கருகல் நாற்றம், கறுப்பு நூலில் தையல், அவ்வளவுதான், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தையல் பிரித்த அன்றைக்குக் காது தட்டையாக, அழகாகத்தான் இருந்தது. உடனே கைப்பேசியை எடுத்து நாலைந்து படம் எடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இந்தப் படம் எடுக்கும் வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை. கீலாய்டை யார் வெட்டினாலும், சமையலறைக் கத்தியால் வெட்டினாலும்கூட, தையல் பிரிக்கும் நாளில் தட்டையாகத்தான் இருக்கும். அது திரும்பி வர மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வரும். அதனால் "முன்பு, பின்பு" என்று இரண்டு படத்தை ஒட்டி வைத்தால் அதற்குக் கீலாய்டு விஷயத்தில் எந்த மதிப்பும் இல்லை. பின்பு என்றால் எத்தனை மாதம் பின்பு என்று கேளுங்கள். ஒரு வருடம் கழித்து எடுத்த படம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டியதெல்லாம் சிவப்பு ஆறாத காதுகள், அதுவும் வெள்ளைத்தோல்காரர்களின் காதுகள். நம்மைப் போல கறுத்த தோல் உள்ளவர்களுக்குத்தான் கீலாய்டு அதிகம் வருகிறது, ஆனால் அந்த ஆல்பத்தில் நம் நிறத்தில் ஒரு காதுகூட இல்லை.

கல்யாணத்துக்கு நகை போட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தீபாவளிக்கு முன்னாலேயே தையல் கோட்டின் மேல் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட ஆரம்பித்து, முன்பு இருந்ததைவிடப் பெரிதாக, காதுமடலையே கீழே இழுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. திரும்பிப் போனால் வெள்ளை கோட் பெண் இல்லை, வேறொருத்தி. "வீட்டுல கோழி, முட்டை, இறால் சாப்பிட்டீங்களா சிஸ்? பத்தியம் இருக்கணும்ல" என்றாள். பத்தியத்தைப் பற்றி அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. பிறகு "உங்க உடம்பு வாகு அப்படி" என்றாள். கடைசியில் 600 வெள்ளிக்கு ஒரு "டச்சப்" இருக்கிறது என்றாள். டாக்டர் பெயரைக் கொடுங்கள் என்றேன், பிரைவசியாம், கொடுக்க முடியாதாம்.

அங்கிருந்து கிளம்பி அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு, பினாங்கு பொது மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போனேன். காத்திருப்பு நீளம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே போனதும் அந்த டாக்டர் முதலில் கேட்டதே குடும்பத்தைப் பற்றித்தான். கோழிக் கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். காயம் ஆறும்போது உடம்பு கொலாஜன் என்கிற புரதத்தைக் கட்டுகிறது. சாதாரணமாக ஒரு கட்டத்தில் நின்றுவிடும், சிலருக்கு நிற்பதில்லை. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு வேறு, அது காலப்போக்கில் தானாகவே கொஞ்சம் அடங்கும். எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவுவதுதான் கீலாய்டு. அதை வெட்டுவதும் ஒரு காயம்தானே, அதனால் வெட்டிவிட்டுச் சும்மா இருந்தால் உடம்பு மறுபடியும் அதே வேலையைத் தொடங்கும், முன்பைவிட வேகமாகவே. வெட்டி மட்டும் விட்டால் 45 முதல் 100 சதவீதம் வரைக்கும் திரும்பும் என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. கத்தியால் வெட்டினாலும் லேசரால் சுட்டாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. "வேரோட போயிடும்" என்றார்களே, கீலாய்டுக்கு வேரே கிடையாது.

அதனால் வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. தெரிந்தவர்கள் வெட்டும்போதும் தோலை வெட்டி எறிவதில்லை, மேல்தோலைத் திறந்து உள்ளே உள்ள கட்டியை மட்டும் எடுத்து, அதே தோலைப் போர்த்தி இழுவை இல்லாமல் தைக்கிறார்கள், ஏனென்றால் இழுத்துத் தைத்த இடத்தில்தான் அது மறுபடி முளைக்கும். பிறகு டிரையம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி, வழக்கமாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, தழும்புக்குள்ளேயே. சத்தியமாக வலிக்கும். ஊசி போட்ட இடம் வெளுக்கலாம், பள்ளம் விழலாம், நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், அதையும் முன்கூட்டியே சொன்னார். காதுக்கென்று அழுத்தம் கொடுக்கும் கிளிப் தோடு இருக்கிறது, தினமும் பன்னிரண்டு மணி நேரமாவது, மாதக்கணக்கில் போட வேண்டும். சிலிக்கான் பட்டை இன்னொன்று. அடங்காத கேஸ்களுக்கு அறுவை முடிந்த ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு தொடங்குவார்கள், அது எல்லோருக்கும் இல்லை. ஒரு நல்ல செய்தி, நெஞ்சு, தோள்பட்டையைவிடக் காதுமடலில்தான் பலன் நன்றாகக் கிடைக்கும். இவ்வளவும் செய்தும் திரும்பாது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

நீங்கள் எங்கே போனாலும் "வெட்டின பிறகு என்ன செய்வீர்கள், எத்தனை மாதம்?" என்று கேளுங்கள். பதில் கிரீம் என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது ஆளைச் சரிபார்ப்பது. தோலைக் கிழிப்பதும் ஊசி போடுவதும் பதிவு பெற்ற மருத்துவர் செய்ய வேண்டியது, அழகு நிலையத்துக்கு அந்த உரிமை இல்லை. மருத்துவரின் முழுப்பெயரைக் கேட்டு மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நிபுணர் என்றால் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்கும். அழகுச் சிகிச்சை செய்யும் பொது மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்கிற அனுமதிக் கடிதம் வேண்டும். கிளினிக் என்றால் தனியார் மருத்துவ வசதிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். நான் போன இடத்துச் சுவரில் மாட்டியிருந்ததெல்லாம் ஏதோ பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்கள், தங்க முத்திரையோடு.

மாநிலச் சுகாதாரத் துறையில் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது, அங்கே புகார் கொடுத்தேன். அவர்கள் வந்து கேட்டபோது, நாங்கள் வெறும் அழகு நிலையம், முகப் பராமரிப்பு மட்டும்தான் செய்தோம் என்று ரிசிட்டைக் காட்டியிருக்கிறார்கள். அந்த "முகப் பராமரிப்புப் பேக்கேஜ்" எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சரி, அப்படியே இருக்கட்டும். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவச் சேவைக்கு விலக்கு உண்டு, கிளினிக் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட முடியாது. இவர்கள் தங்கள் வாயாலேயே கிளினிக் இல்லை என்று சொல்லிவிட்டார்களே. மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், லாயர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். போட்டுவிட்டேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன். வாட்சாப் உரையாடல், ரிசிட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களிடம் இருப்பதையும் அழித்துவிடாதீர்கள்.

அவர்களுடைய பக்கத்தில் போன வாரமும் ஒரு புது விளம்பரம் வந்தது. தையல் பிரித்த காது, மடலுக்குக் கீழே கழுத்தில் சின்ன மச்சம், மேலே "நிரந்தரத் தீர்வு" என்ற எழுத்து. அந்தக் காது என்னுடையது. இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், இன்றைக்கு எடுத்த படத்தை அனுப்புகிறேன்.