குளிர்வது யாருக்கு? ரஷ்ய மொழியும் பாரசீகமும்

‘எனக்குக் குளிர்கிறது’ என்பதற்கு ரஷ்ய மொழியில் ‘ம்ன்யே ஹோலத்ன’. ‘ம்ன்யே’ என்றால் எனக்கு. மீதி ஒரே சொல்தான், வினையே கிடையாது. நம் நான்காம் வேற்றுமையை அங்கே பார்த்ததும் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் ‘அவன் ஹோலத்ன பதில் சொன்னான்’ என்றால் அதே சொல் ‘ஒட்டாமல், விறைப்பாக’ என்ற வினையடை. அப்படியானால் முதல் வாக்கியத்தில் அது என்ன? 1928இல் ரஷ்ய மொழியியலாளர் லெவ் ஷெர்பா இதற்கு ‘நிலை வகை’ என்று தனிச் சொல்வகையே முன்வைத்தார். 1947இல் இன்னொரு மொழியியலாளர் விக்டர் வினோகிராதவ் அதை விரித்து எழுதினார். எல்லா இலக்கணக்காரர்களும் ஒத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

பாரசீகத்தில் ‘சர்தம் அஸ்த்’, பேச்சில் ‘சர்தமே’. ‘சர்த்’ குளிர், ‘அம்’ என்னைக் குறிக்கும் ஒட்டு, ‘அஸ்த்’ இருக்கிறது. ஆள் தனியாக நிற்காமல் சொல்லின் முதுகில் ஏறிக்கொள்கிறார். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. ‘அஸ்த்’தை விட்டு வெறும் ‘சர்தம்’ என்றால் ‘நான் பாசமில்லாத ஆள்’ என்றாகிவிடும். அந்த ‘அம்’ வேறு, ‘இருக்கிறேன்’ என்ற விகுதி. முன்னிலைக்கு வந்தால் குட்டு வெளிப்படும்: ‘சர்தி’ என்றால் நீ அப்படிப்பட்ட ஆள், ‘சர்தத் அஸ்த்’ என்றால் உனக்குக் குளிர்கிறது.

இறந்த காலம் இரண்டிலும் சுலபம்: ரஷ்யனில் ‘பீல’, பாரசீகத்தில் ‘பூத்’ சேர்த்தால் முடிந்தது.

அப்புறம் ‘வேண்டும்’. ரஷ்யனில் ‘ம்ன்யே நாத இத்தீ’, அதாவது எனக்கு, வேண்டும், போக. வினை எச்சமாகவே கிடக்கும். பாரசீகத்தின் ‘பாயத்’ அசையாது, பின்னால் வரும் வினைதான் ஆளுக்கேற்ப மாறும்: பாயத் பெரவம் (நான்), பாயத் பெரவி (நீ). ஆளே வேண்டாமென்றால் ‘பாயத் ரஃப்த்’, போயாக வேண்டும்.

ரஷ்யனில் எனக்குக் கடுப்பேற்றும் சொல் ‘நில்ஸ்யா’. செயலை முடிந்த முழுமையாகக் காட்டும் வினைவடிவத்தோடு ‘நில்ஸ்யா வய்தீ’ என்றால் உள்ளே போக முடியாது. செயலை நடப்பதாகவோ வழக்கமாகவோ காட்டும் வடிவத்தோடு ‘நில்ஸ்யா ஃப்ஹதீத்’ என்றால் போகக்கூடாது. கதவு பூட்டியிருக்கிறதா, காவலாளி நிற்கிறாரா என்பது பின்னால் வரும் வினையில்தான் தெரியும். பாரசீகத்தில் கூடாது ‘நபாயத்’, முடியாது ‘நெமீஷே’. ‘நெமீஷே’ சில சமயம் ‘கூடாது’ பக்கமும் எட்டிப் பார்க்கும் என்றாலும், கற்பவருக்கு இது எவ்வளவோ மேல்.

தூக்கத்துக்கு ரஷ்யர் ‘ம்ன்யே ஹோச்சித்ஸ ஸ்பாத்’, தூங்க வேண்டும்போல் இருக்கிறது என்பார். பாரசீகர் ‘ஹாபம் மியாத்’ என்பார். ஹாப் தூக்கம், அம் எனக்கு, மியாத் வருகிறது. எனக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.