ஆவணப்படம்: முழுதாகப் போடுவதா, நிறுத்தி நிறுத்தியா?

கடலூர் முதுநகரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மனித உரிமை பாடம் எடுக்கும்போது இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன். படம், திவ்யபாரதி இயக்கி 2017இல் வந்த கக்கூஸ். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையைப் பற்றியது.

முழுதாகப் போட்டால் வகுப்பே அடங்கிப்போகிறது. தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசப் பேச, இது யாரோ ஒருவருக்கு நடந்த துயரம் இல்லை, சாதி பார்த்துத் தலையில் கட்டிய வேலை என்பது தானாகவே புரிகிறது. ஆனால் படம் முடிவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும், கனத்த மனதோடு வீட்டுக்குப் போகிற பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் கேள்வி வருகிறது. "சட்டம்தான் இருக்குல்ல சார், அப்புறம் ஏன் ஆளை உள்ளே இறக்குறாங்க?" என்றான் ஒரு பையன். அங்கேயே தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச்சொன்ன 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023இல் அது 30 லட்சமானது என்று போர்டு நிறைய எழுதிப் பேசினோம்.

இன்னொன்றுதான் எனக்குப் பெரிது. வகுப்பில் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம், விளக்கை அணைத்து முழுப்படம் ஓட்டும்போது அந்த முகம் நமக்குத் தெரியாது. நிறுத்தி நிறுத்திப் போட்டால் தெரியும். அந்தப் பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிடாதீர்கள், இப்படி ஒரு படம் போடப்போகிறோம் என்று முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

என் ஓட்டு நிறுத்திப் போடுவதற்கே. முழுப்படம் கேட்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை போடுகிறேன்.