மாத்திரையா, மெஷினா? அம்மாவின் காதுக்கு எது சரிப்பட்டது

அம்மாவுக்கு 74 வயது. "காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பது அவர் கட்சி. அதில் பாதி உண்மை. வயதான காதில் முதலில் மங்குவது கீச்சென்ற உயர் ஒலிகள். ச, த போன்ற மெய்கள் தேய்ந்துபோய் உயிரெழுத்தின் முழக்கம் மட்டும் விழும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. 'காசு' என்றால் 'காது' என்று கேட்கும்.

வீட்டுக்கு முதலில் வந்தது மாத்திரைதான்: வைட்டமின் பி12, ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, தலைசுற்றலுக்குத் தரும் பீட்டாஹிஸ்டின். மூன்று மாதம் போட்டும் டிவி சத்தம் குறையவில்லை. உள்காதில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் காதுக்குச் சுமார் 15,000. செத்தது மறுபடி முளைக்காது. முளைக்க வைக்க அங்கீகாரம் பெற்ற மருந்தும் இல்லை. பி12 குறைந்திருந்தால் அந்தக் குறைக்காகச் சாப்பிடலாம், காதுக்காக வேண்டாம். ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜிங்கோ தொடக் கூடாது. இரத்தக் கசிவு வரலாம். பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது பாட்டி காலத்துப் பழக்கம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வினையாகிவிடும்.

மருந்து வேலை செய்யும் இடங்களும் உண்டு. குறும்பி அடைத்திருந்தால் சொட்டு மருந்தில் ஊறவைத்து எடுத்ததுமே காது திறக்கும். ஒரே நாளில் ஒரு காது திடீரென அடைத்துப்போனால் அன்றே இ.என்.டி. டாக்டரிடம் ஓட வேண்டும். ஸ்டீராய்டு சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் 'காது மெஷின்'. அது வெறும் ஒலிபெருக்கி. பேச்சோடு மிக்ஸியையும் மின்விசிறியையும் சேர்த்தே கூட்டும். அம்மா இரண்டே நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். நிஜமான ஹியரிங் எய்டு, ஆடியோகிராமில், அதாவது காதுப் பரிசோதனை வரைபடத்தில், எந்த அதிர்வெண் குறைந்திருக்கிறதோ அதை மட்டும் அதற்கேற்ப உயர்த்தும். என் கணக்கில், விலையுயர்ந்த மாடலைவிட ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) நான்கைந்து முறை உட்காரவைத்து அட்ஜஸ்ட் செய்வதுதான் முக்கியம். வாங்கிய அன்றோடு கைகழுவும் கடையில் லட்சம் கொடுத்தாலும் வீண்.

காதுக்குள் மறையும் குட்டி மெஷினா, பின்னால் மாட்டுவதா? கடைக்காரர் முதலாவதைத்தான் புகழ்ந்தார், "யாருக்கும் தெரியாது" என்று. அம்மாவின் விரல் நடுங்கும். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10-ஆம் நம்பர் பேட்டரி கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும், சில நாளுக்கொரு முறை மாற்றவும் வேண்டும். பின்னால் மாட்டுவதில் ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, இன்னும் கொஞ்சம் பெரிது, கூடுதல் நாள் உழைக்கும். இரவில் பெட்டியில் வைத்தால் சார்ஜ் ஆகும் ரகத்தில் அந்தத் தொல்லையே இல்லை; கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் மட்டும் யோசிக்கலாம். நாங்கள் எடுத்தது பின்னால் மாட்டும் சார்ஜ் ரகம், இரண்டு காதுக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதைக் கடந்தோருக்கு 2017-இல் வந்த மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் ஹியரிங் எய்டு இலவசமாகவே கிடைக்கும்.

"மாட்டினால் மறதி நோய் வராது" என்றும் கடையில் சொன்னார்கள். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மொத்தமாகப் பார்த்தபோது மெஷின் மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த முதியவர்களிடம் மட்டும் மூன்றாண்டில் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. அதற்காக வாங்கவில்லை, பேரனோடு போனில் பேசத்தான் வாங்கினோம்.

பராமரிப்பில் எங்களுக்குப் பெரிய எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்குத் தடவிய கையோடு மாட்டினால் மைக் துளை அடைத்துவிடுகிறது. இப்போது குளியல், எண்ணெய், தலை துவட்டல் எல்லாம் முடிந்த பிறகுதான் மெஷின். வியர்வைக்காக, இரவில் சார்ஜ் பெட்டிக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கிறோம். நாங்களும் கத்துவதை நிறுத்தி, டிவியை அணைத்து எதிரில் உட்கார்ந்து பேசுகிறோம். "இப்பத்தான் ஒழுங்காப் பேசுறீங்க" என்கிறார் அம்மா.